கரையில் நிற்கக் கற்றுக்கொடுப்பது

முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தைத் திறக்கவே எனக்குத் தயக்கமாக இருக்கும். ஏரியில் குளிக்கப் போன அண்ணன், தம்பி. பாட்டி ஊருக்கு வந்த இடத்தில் கிணற்றில் விழுந்த சிறுமி. கல்குவாரிக் குட்டையில் இறங்கிய எட்டாம் வகுப்புப் பையன்கள். ஊரும் வயதும் மாறும். செய்திக்கு நடுவே ஒரு வரி மட்டும் மாறாமல் வரும்: காப்பாற்ற முயன்றபோது உடன் சென்றவரும் நீரில் மூழ்கினார்.

2022 ஜூன் 5ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 15ஆம் தேதி மாயனூர் காவிரியில், கால்பந்துப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர் இறந்தார்கள். இரண்டிலுமே, முதலில் சிக்கியவர்களைப் பிடித்து இழுக்கப் போய்த்தான் மற்றவர்களும் மூழ்கினார்கள் என்று அப்போது வந்த செய்திகள் சொல்லின. அந்தப் பிள்ளைகள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தோழி தத்தளித்தால் கை தானாக நீளும். கையை நீட்டாமல் வேறு என்ன செய்யலாம் என்று அவர்களுக்கு யாரும் அதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளிக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு வாழைக்கொல்லையும் ஆற்றுக்கரையும்தான். பிள்ளைகள் வரும் வழியில் ஒரு வாய்க்கால், அதில் ஒரு மதகு, கோயில் குளம் ஒன்று, வயலுக்கு வயல் பம்புசெட் தொட்டி. இப்போது பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டைகளும் வந்துவிட்டன. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, தலைமையாசிரியர் அனுமதியோடு, தண்ணீரைப் பற்றி வகுப்பு எடுக்க ஆரம்பித்துச் சில வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் அதற்கு.

நீச்சல் வகுப்பு என்றுதான் ஊரில் பேர். ஆனால் நீச்சலை நாங்கள் முதலில் தொடுவதில்லை. முதல் பாடம் முழுக்கக் கட்டாந்தரையில், பள்ளி மைதானத்தில் நடக்கும். அதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: கூட வந்தவன் தண்ணீரில் விழுந்தால், நீ கரையிலேயே நில்.

சொல்ல எளிது. சுண்ணாம்புத் தூளால் மைதானத்தில் ஒரு கோடு போடுவோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் ஆறு. இரண்டு பிள்ளைகளை ஆற்றுக்குள் அனுப்பி, "இவங்க ரெண்டு பேரும் ஆழத்துல மாட்டிக்கிட்டாங்க. நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பும் ஒரே மாதிரிதான் செய்யும். அத்தனை பேரும் கோட்டைத் தாண்டி ஓடுவார்கள். ஓடியவர்களை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுக் கரையில் யார் மிச்சம் என்று திரும்பிப் பார்க்கச் சொல்வேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள். "அப்ப ஊருக்குப் போய் யாரு சொல்றது?" என்று நான் கேட்கும்போது பிள்ளைகளின் முகம் மாறும். அறிவுரையாகச் சொன்னால் இது ஏறவே ஏறாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டமாக உட்கார்ந்து, காலியான கரையைத் தாங்களே பார்க்க வேண்டும்.

அடுத்தது வராண்டாவில். எங்கள் பள்ளி வராண்டா தரையிலிருந்து இரண்டடி உயரம் இருக்கும். வகுப்பிலேயே திடமான பையனை அதன் விளிம்பில் நிற்க வைத்து, கீழே இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்றைக் கூப்பிட்டு, "அண்ணன் கையைப் புடிச்சு உன் பலம் கொண்ட மட்டும் இழு" என்பேன். குனிந்து கை கொடுத்தவன் அடுத்த நொடியே கீழே குதித்தாக வேண்டியிருக்கும். எத்தனை பெரியவனாக இருந்தாலும் இதே கதைதான். விளிம்பில் குனிந்தபடி கை கொடுப்பவனின் எடை ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. கீழே இருப்பவர் லேசாகத் தொங்கினாலே போதும். அதே பையனை வராண்டாவில் குப்புறப் படுக்கச் சொல்லி, பின்னால் ஒருவன் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, கையில் ஒரு துண்டைக் கொடுத்து அதன் மறுமுனையைக் கீழே விடச் சொல்வோம். இப்போது அந்தக் குட்டி எவ்வளவு இழுத்தாலும் அவன் அசையமாட்டான். "அப்படியும் இழுத்துச்சுன்னா?" என்று ஒரு பெண் கேட்டாள். துண்டை விட்டுவிடலாம். கையைக் கொடுத்துவிட்டால், விட வேண்டும் என்று நாம் நினைத்தாலும் பிடித்தவர் விடமாட்டார். மூழ்குகிறவருக்கு எதிரில் இருப்பது தம்பியா, தோழியா என்று அந்த நேரத்தில் தெரியாது. மூச்சுக்கு மேலே வர எது கிடைத்தாலும் அதன் மேல் ஏறத்தான் உடம்பு பார்க்கும்.

இப்படித்தான் எங்கள் பாட்டு உருவானது. கத்து, நீட்டு, வீசு, இறங்காதே. நாலு சொல்லுக்கும் நாலு அபிநயம். கத்துவது என்றால் "காப்பாத்துங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கத்தக் கூடாது, என்ன நடந்தது, எங்கே என்று கத்த வேண்டும்: "ஐயனார் கோயில் துறையில ஒருத்தன் மூழ்குறான், ஓடியாங்க!" நீட்டுவதற்கு மூங்கில் கழி, கரும்பு, தென்னை மட்டை, வேட்டி, சேலை, துப்பட்டா, எது அகப்பட்டாலும் சரி. வீசுவதற்கு மூடி இறுகப் போட்ட வெறும் கேன், பிளாஸ்டிக் குடம், பெரிய தண்ணீர் பாட்டில். வெறும் பாட்டில் காற்றில் எங்கேயோ போய் விழும். அடியில் நாலு விரல் தண்ணீர் விட்டு மூடினால் நேராகப் போகும், மிதக்கவும் செய்யும். இதைப் பிள்ளைகள் மைதானத்தில் எறிந்து பார்த்துப் பழகுகிறார்கள். ஆளின் முகத்தைப் பார்த்து எறியக் கூடாது, தோளுக்கு அந்தப் பக்கம் விழும்படி எறிந்து கயிற்றை இழுக்க வேண்டும் என்பதையும்.

இன்னொன்று இருக்கிறது. அதைப் பேச எனக்கே தொண்டை அடைக்கும். சொல்லாமல் குளிக்கப் போன பிள்ளைகளில் ஒருவன் மூழ்கினால், மிச்சப் பேர் பயந்து வீட்டுக்கு ஓடி வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது உண்டு. கரையில் கிடக்கும் சட்டையையும் செருப்பையும் பார்த்துச் சாயங்காலம்தான் ஊருக்குத் தெரியவரும். இதில் பிள்ளைகளை என்ன சொல்ல முடியும்? ஆற்றுக்குப் போனது தெரிந்தால் முதுகுத் தோல் உரியும் என்றுதான் நாம் அவர்களை வளர்த்திருக்கிறோம். அதனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் ஒரே ஒரு வாக்குறுதிதான் கேட்டோம். ஆபத்து என்று ஓடிவந்து சொல்லும் பிள்ளையை, அது எங்கே போயிருந்தாலும், யாரோடு போயிருந்தாலும், அன்றைக்கு அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. அந்த வாக்குறுதியை அவர்கள் பிள்ளைகள் எதிரிலேயே சொன்னார்கள். இந்த வகுப்பில் நாங்கள் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே கூட்டத்தில் எதிர்ப்பும் வந்தது. "நீச்சல் தெரிஞ்சா பயம் விட்டுப்போயிடும் டீச்சர், தினம் ஆத்துல கெடப்பானுங்க" என்று ஒரு அப்பா சொன்னார். ஒரு அம்மா, "எம் மவனுக்கு ஜாதகத்துல ஜலகண்டம் இருக்கு, அவன மட்டும் விட்டுடுங்க" என்றார். அந்த அம்மாவிடம் ஜாதகத்தைப் பற்றி நான் வாதாடவில்லை. கண்டம் இருக்கிற பிள்ளைக்குத்தானே முதலில் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அந்த அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் வங்கதேசத்தின் அனுபவம் இருந்தது.

வீட்டுக்கு வீடு குளம் இருக்கிற நாடு அது. பிள்ளைகள் நீரில் மூழ்கி இறப்பது அங்கே மிகப் பெரிய துயரம். 2006 வாக்கில், காயங்களைத் தடுப்பதை ஆராயும் அந்நாட்டு நிறுவனம் ஒன்று யுனிசெஃப் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து ‘சுவிம்சேஃப்’ என்ற திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கியது. நீச்சல் குளம் கட்டவில்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் ஒரு மேடை அமைத்து, பிள்ளைகள் நிற்கும் ஆழத்தில் தளம் போட்டு, உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக்கினார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 நொடி மிதக்க வேண்டும், கரையில் இருந்தபடியே இன்னொருவரை மீட்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் தேர்ச்சி. 4 முதல் 12 வயது வரையிலான ஏறத்தாழ 80 ஆயிரம் பிள்ளைகள் 2010க்குள் இதில் சேர்ந்தார்கள். கற்றுக்கொள்ளாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கற்றுக்கொண்டவர்கள் நீரில் மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. பயம் விட்டுப்போய் ஆற்றில் கிடந்து இறப்பார்கள் என்பது உண்மையாக இருந்தால், கணக்கு தலைகீழாக வந்திருக்க வேண்டும். 2022இல் அந்நாட்டு அரசே இதை 16 மாவட்டங்களுக்கான திட்டமாக எடுத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் 6 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலையும் பாதுகாப்பான மீட்பு முறைகளையும் கற்பிக்கச் சொல்கிறது. அந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என் பொண்ணையும் சேத்துக்குங்க" என்றார்.

பெண்பிள்ளைகள் என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பையன்கள் பத்து வயதுக்குள் எப்படியோ கொஞ்சம் நீந்தப் பழகிவிடுகிறார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. ஆனால் துணி துவைக்கப் போவது, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, ஆடிப்பெருக்குக்கு அம்மாவோடு துறையில் நிற்பது எல்லாம் அவர்கள்தான். கெடிலத்திலும் மாயனூரிலும் இறந்தவர்கள் யார் என்று இன்னொரு தடவை மேலே போய்ப் பாருங்கள். பெரிய மனுஷியாவதற்கு முந்தைய சில வருஷங்கள்தான் நம் வீடுகளில் பெண்ணைத் தண்ணீரில் இறங்க விடுகிற காலம். தொடக்கப்பள்ளியை விட்டால் அது கிடைக்காது. பெண் ஆசிரியர் கூட நின்றால் வீட்டில் அனுப்புகிறார்கள். பள்ளிச் சீருடையோடே இறங்கலாம் என்றால் இன்னும் சந்தோஷமாக அனுப்புகிறார்கள். அது நல்லதும்கூட. ஆபத்து வரும்போது யாரும் நீச்சலுடையில் இருப்பதில்லை. நெதர்லாந்தில் பிள்ளைகள் வாங்கும் முதல் நீச்சல் சான்றிதழுக்கே உடுப்பும் செருப்புமாக நீந்திக் காட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகள் பாவாடை காலில் சுற்றிக்கொள்வது எப்படி இருக்கும், ஈரத் துணியோடு சுவரேறுவது எவ்வளவு கனம் என்பதையெல்லாம் மார்பளவுத் தண்ணீரிலேயே தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த மார்பளவுத் தண்ணீர் ஒரு பம்புசெட் தொட்டி. பள்ளிக்குப் பின்னால் வயல் வைத்திருக்கும் ஒரு குடும்பம் சனிக்கிழமை காலையில் எங்களுக்காக அதைக் கழுவி, நிரப்பி, மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொடுக்கிறது. மோட்டார் ஓடும்போது யாரையும் இறக்குவதில்லை. ஈரக் கையும் கரன்டுமாக ஒரு விபத்து வேறு வேண்டாம். ஒரு சமயத்தில் தொட்டிக்குள் இரண்டு பிள்ளைகள், அவர்களோடு நான். சுவரில் அந்த வீட்டு அக்காவும் இன்னொரு டீச்சரும் கண் எடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். செல்போன் கையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

இங்கே கற்றுக்கொள்வது மிதப்பது. மல்லாந்து படுத்து, வயிற்றை மேலே தூக்கி, மோவாயை வானத்துக்குக் காட்டி, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, கையும் காலும் அகட்டிக் கிடப்பது. நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் குழந்தையின் உடம்பு தானாகவே மிதக்கும். அதைக் கெடுப்பது பயம். பயந்ததும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், தலை தூக்கியதும் இடுப்பு இறங்கும், அதோடு கால் போகும். பிள்ளைகளைத் தடுக்கும் முதல் விஷயம் காதுதான். "காதுல தண்ணி போவுது டீச்சர்!" என்று பதறி எழுந்துவிடுவார்கள். காதில் தண்ணீர் போனால் ஒன்றும் ஆகாது என்று நம்புவதற்கே சிலருக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை பிடரிக்கு அடியில் என் கை இருக்கும். எடுக்கப்போகிறேன் என்று சொல்லாமல் நான் கையை எடுப்பதில்லை. ஏமாற்றி எடுத்தால் அன்றைக்கு மிதப்பார்கள், ஆனால் அடுத்த வாரம் நம்பிப் படுக்கமாட்டார்கள்.

மிதக்க வந்ததும், குப்புற விழுந்த நிலையிலிருந்து மல்லாக்கப் புரளக் கற்றுக்கொடுக்கிறோம். தவறி விழுபவர் மல்லாந்தா விழுகிறார்? பிறகு மிதந்தபடியே காலை உதைத்துச் சுவரைத் தேடிப் பிடிப்பது. இந்த மூன்றும் வந்துவிட்டால் ஒரு குழந்தைக்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் கிடைக்கிறது. கரையில் நிற்பவன் கேனைத் தேடி எடுத்து வீச அந்த நேரம்தான் தேவை.

எங்கள் அப்பா எனக்கு நீச்சல் பழக்கியது துறையூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் தாம்புக்கயிறு, கயிற்றின் மறுமுனை அப்பா கையில். கல்யாண முருங்கைக் கட்டையைக் கட்டிப் பழகியவர்களும் உண்டு. அந்த முறையின் அழகு கயிற்றில் இருந்தது: பெரியவர் ஒருவர் முழு நேரமும் மேலே நின்றார். இன்று அந்தக் கிணறுகள் பாதி வற்றிவிட்டன, ஆழ்துளைக் கிணறு போட்டதும் மிச்சம் பாழடைந்துவிட்டன. தாத்தாக்களுக்கும் முடியவில்லை, அப்பாக்கள் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். கிணற்றில் பழகும் வழக்கம் போய்விட்டது. கிணறு மட்டும் சுவர் இல்லாமல் புதர் மூடிக் கிடக்கிறது. பள்ளிதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். வேறு ஆள் இல்லை.

தண்ணீரைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கிறோம். மழை இல்லாத நாளில்கூட ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறும். மேட்டூரிலோ முக்கொம்பிலோ திறந்தது இங்கே வந்து சேரும்போது தலைக்கு மேல் வெயில் காயும். அதனால் திட்டில் விளையாடும்போது தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் நுரையும் அடித்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். மணல் எடுத்த இடத்தில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. "அந்த எடம் வருஷத்துக்கு ஒரு காவு கேக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். வருஷா வருஷம் அதே இடத்தில் ஆள் போவதற்குக் காரணம் அங்கே அந்தப் பள்ளம் இருப்பதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். தடுப்பணையில் தண்ணீர் விழும் இடம் பார்க்க அமைதியாக, முட்டளவாகத் தெரியும். ஆனால் விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு திரும்ப அணையை நோக்கியே வருவதால், அங்கே மாட்டியவரை வெளியே விடாமல் சுற்றிச் சுற்றிப் போடும். பெரிய நீச்சல்காரருக்கும் இதே கதிதான். பண்ணைக்குட்டையின் சரிவில் விரித்திருக்கும் தாள் பாசி பிடித்து வழுக்கும். உள்ளே போனவரால் பிடித்து ஏற ஒரு கல்லும் கிடைக்காது. குட்டை வைத்திருப்பவர்கள் ஒரு முடிச்சுக் கயிற்றையோ பழைய டயர்களையோ சரிவில் கட்டித் தொங்கவிட்டால் போதும். செலவே கிடையாது. எங்கள் ஊரில் சிலர் செய்திருக்கிறார்கள், பலர் இன்னும் செய்யவில்லை.

மூழ்குவது எப்படி இருக்கும் என்பதைப் பெரியவர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று காத்திருக்கிறோம். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருந்து எழுந்தும் தாழ்ந்தும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கியபடி, சத்தமே இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்திலேயே துவைத்துக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரியாது. விளையாடுகிற பிள்ளை திடீரென்று அமைதியானால் திரும்பிப் பாருங்கள்.

தூக்கிய பிறகு நடப்பது இன்னும் வேதனை. குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. அமுக்கினால் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் போகும். அதற்குள் மூளைக்குக் காற்று இல்லாத நிமிஷங்கள் ஓடிவிடும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆள் வரும் வரை தொடர வேண்டும். அழுத்தம் நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை. இதை எங்கள் பெற்றோர் சிலருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் பொம்மையை வைத்துப் பழக்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு நெஞ்சை அழுத்தும் பலம் இருக்காது. அவர்களுக்கு 108ஐக் கூப்பிடக் கற்றுக்கொடுக்கிறோம். கூப்பிட்டால் மட்டும் போதாது, இடம் சொல்லத் தெரிய வேண்டும். "ஆத்துல" என்றால் வண்டி எந்த ஆற்றுக்கு வரும்? ஊர், எந்த ரோடு, எந்தத் துறை, பக்கத்தில் என்ன கோயில் என்று நாலையும் வரிசையாகச் சொல்ல, சோப்பு டப்பாவைப் போனாக வைத்துப் பழகுகிறார்கள்.

பள்ளிக்கு வராத வயதில்தான் ஆபத்து மிக அதிகம். 2021இல் உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் நாலில் ஒரு பங்கு 5 வயதுகூட ஆகாதவர்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஆறே தேவையில்லை, முற்றத்து அண்டாவும் மாட்டுத் தொட்டியும் போதும். அம்மா அடுப்படியில் இருக்கும்போது தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் என் நாலாம் வகுப்புப் பிள்ளைதான். ஆகவே அண்டாவைக் கவிழ்த்து வைப்பது, தொட்டியை மூடுவது, பாப்பா கண்ணில் படவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் இடத்தைத்தான் தேட வேண்டும் என்பது எல்லாம் அவர்களுக்கு வீட்டுப்பாடம். ஒரு சின்னத் தோளில் இவ்வளவு ஏற்றலாமா என்று எனக்கும் இருக்கும். ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது; எப்படிச் சுமப்பது என்றாவது சொல்லிக்கொடுக்கலாம்.

ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக நாளாக 2021இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. எங்களுக்கு அது வசதியான தேதி. சில நாளில் ஆடி 18 வந்துவிடும், ஊரே துறையில் நிற்கும். அந்த வாரம் பிள்ளைகள் பெற்றோருக்குக் கத்து, நீட்டு, வீசு நடித்துக் காட்டுகிறார்கள். துறைகளில் மூங்கில் கழியும் கேன் கட்டிய கயிறும் வைக்கச் சொல்லிக் கிராமசபையில் கேட்டோம். இரண்டு துறைக்கு வந்துவிட்டது. முதலில் வைத்த கயிற்றை யாரோ மாடு கட்ட எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது கேனில் பிள்ளைகளே சிவப்புப் பெயின்ட் அடித்து, "இது உயிர்க்கயிறு, எடுக்காதீர்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. ஐயனார் கோயில் துறை பாக்கி இருக்கிறது. உங்கள் ஊரில் வைப்பதாக இருந்தால்: 15 மீட்டர் நைலான் கயிறு, விரல் கனத்தில், ஒரு முனையில் 5 லிட்டர் கேன், மூடியை இறுக்கி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மறுமுனையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளையம், அதைக் கையில் மாட்டாமல் காலால் மிதித்துக்கொண்டு வீச வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிடுங்கள்.